பழைய காருக்கு அலாரமும் இம்மொபிலைசரும்: வாசகர் கேள்வி – பதில்

கம்பெனியிலிருந்து இம்மொபிலைசர் (வண்டியைக் கிளம்பவிடாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் வந்த பழைய வண்டிகளுக்குத் தாங்களே அலாரம் பொருத்த விரும்பும் வாசகர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள். மாருதி 800, ஆம்னி, ஜென், இண்டிகா வைத்திருப்பவர்களே அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. வீட்டில் ஷெட் இல்லை, தெருவில்தான் நிற்கிறது. சால்டரிங் வரும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். நானே அலாரம் பொருத்திவிட முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

தாராளமாக முடியும். கார்பரேட்டர் 800-இல் கம்ப்யூட்டர் கிடையாது, வயரிங்கும் எளிமையானது. முதல் தடவை செய்பவருக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்தான் ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் நிறுத்தும்.

அலாரம் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பிய பிறகு, வெளியே இழுத்துப் பாருங்கள். ‘ஆன்’ நிலையிலேயே சாவி வெளியே வந்துவிட்டால் லாக் தேய்ந்துவிட்டது. அதைத் திறக்க வேறு வண்டிச் சாவியே போதும். முதலில் லாக் செட்டை மாற்றுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டு அலாரம் மட்டும் மாட்டுவது, தாழ்ப்பாள் இல்லாத கதவில் மணி கட்டுவதுபோலத்தான்.

கிட் வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ரிமோட் ‘ரோலிங் கோடு’ வகையா. இம்மொபிலைசருக்கென்று தனி வயர் வெளியே வருகிறதா. ரிமோட் கைவிட்டால் திறக்க ரகசிய சுவிட்ச் இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம். ஃபிக்ஸட் கோடு ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே சிக்னலைத்தான் அனுப்பும். அதை ஒருமுறை பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் உங்கள் வண்டியைத் திறக்கலாம். ரோலிங் கோடில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் எண் மாறிவிடும்.

கிட்டோடு வரும் வயரும் ரிலேயும் (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பெரும்பாலும் மெலிந்தவை. தனியாக வாங்க வேண்டியவை: 12 வோல்ட், 40 ஆம்பியர், ஐந்து பின் ரிலே இரண்டு, அவற்றுக்கான சாக்கெட், 2.5 சதுர மி.மீ. வயர் 4 மீட்டர் (செல்ஃப் லைனுக்கு), 1.5 சதுர மி.மீ. சிவப்பு 3 மீட்டர், கறுப்பு 1 மீட்டர் (மெயினுக்கும் எர்த்துக்கும்), 0.5 சதுர மி.மீ. 10 மீட்டர் (மற்றவற்றுக்கு), மூடியுள்ள பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் இரண்டு, 15 ஆம்பியரிலும் 10 ஆம்பியரிலும் ஃப்யூஸ், 6 மி.மீ. ரிங் லக் நாலு, 3 மி.மீ., 6 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர். துணி டேப் ஒரு ரோல். கேபிள் டை இருபது. ரப்பர் கிரோமெட் (வயர் நுழையும் துளைக்கான வளையம்) இரண்டு. சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அதன் பசை உருகி வழிந்து, டேப் தானாகச் சுருள் அவிழ்ந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஹெட்லைட், ஹார்ன், நாலு இண்டிகேட்டர், ரூம் லைட், கதவு சுவிட்ச் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே இருந்த கோளாறை நாம் உண்டாக்கியதாக எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிறகு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கவரைக் கழற்றி, வயர்களை மீட்டரால் அடையாளம் கண்டு, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ கை பட்டிருக்கும்; வழியில் நிறம் மாறியிருக்கும்.

சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி மெயின். ‘ஆன்’ நிலையில் 12 வோல்ட் வந்து, செல்ஃப் அடிக்கும்போதும் போகாமல் இருப்பது இக்னிஷன். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வருவது செல்ஃப் வயர். ‘ஆன்’-இல் வந்து, செல்ஃப் அடிக்கும்போது காணாமல் போவது ஆக்சஸரி, அதாவது ரேடியோ லைன். அது நமக்கு வேண்டாம். கதவு சுவிட்ச் வயர் கதவைத் திறந்ததும் எர்த் ஆகிறதா, பிளஸ் வருகிறதா என்றும் பாருங்கள். 800-இல் எர்த் ஆகும். அலாரம் யூனிட்டில் ‘நெகட்டிவ் டிரிகர்’ வயரை அதில் சேர்க்க வேண்டும்.

தேடல் முடிந்ததும் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டே கத்தியை எடுங்கள்.

ஓடுகிற வயரிலிருந்து கிளை எடுக்கும்போது அதை வெட்ட வேண்டாம். பிளேடால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மேல்தோலை மட்டும் சுற்றிலும் உரியுங்கள். பழைய வண்டியில் செம்பு கறுத்திருக்கும். பளபளக்கும்வரை லேசாகச் சுரண்டுங்கள், இல்லையென்றால் ஈயம் ஒட்டாது. கூர் ஊசியால் கம்பிகளை நடுவில் பிரித்தால் சின்னக் கண் மாதிரி இடைவெளி வரும். புது வயரின் முனையை அந்தக் கண்ணுக்குள் நுழைத்து நாலு சுற்று சுற்றிச் சால்டர் வையுங்கள். ஈயம் கம்பிகளுக்கு நடுவே ஊறிப் பளிச்சென்று இருக்க வேண்டும். உருண்டையாக, மங்கலாக மேலே நின்றால் அது ஒட்டவில்லை. மேலே இறுக்கமாக டேப், அதற்கு மேல் துணி டேப், பிறகு பக்கத்து ஹார்னஸோடு (வயர்க் கட்டோடு) சேர்த்து ஒரு கேபிள் டை. ஜாயின்ட் ஆடாமல் இருந்தால்தான் சால்டர் தாங்கும். வயரைக் கவ்வி முள்ளால் குத்தும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வேண்டவே வேண்டாம். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும்.

மெயின் சிவப்பு வயரை பேட்டரியிலிருந்தே எடுத்தால், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. எர்த் வயரை டேஷ்போர்டு ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் லக்கையும் பல் வாஷரையும் போட்டு, போல்ட்டால் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

சைரனை இன்ஜின் அறையில் சைலன்ஸர் சூட்டுக்கும் தண்ணீருக்கும் தள்ளி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாய் மேலே பார்த்தால் ஒரே மழையில் தண்ணீர் நிரம்பி ஊமையாகிவிடும். வண்டிக்கு அடியிலிருந்து கை நீட்டினால் அதன் வயர் எட்டக் கூடாது. வயர் கிரோமெட் வழியாக உள்ளே நுழையுமுன் ஒரு விரற்கடை கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். அப்போது வயரில் வழியும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

இம்மொபிலைசருக்கு எந்த வயரை வெட்டுவது? ஒருவர் செல்ஃப் என்கிறார், ஒருவர் காயில் என்கிறார், இன்னொருவர் பெட்ரோல் லைன் என்கிறார்.
– வாசகர்கள், கரூர், தாம்பரம், நாகர்கோவில்

இதில் ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். இம்மொபிலைசர் வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யலாம். ஓடுகிற வண்டியை நிறுத்தும் வழி அதற்கு இருக்கவே கூடாது. பைபாஸில் லாரிக்கு முன்னால் இன்ஜின் நின்றால், பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். திருடனைத் தடுக்கப் போய் வீட்டில் இருப்பவர்களை ஆபத்தில் தள்ளுவதற்கு எந்த அலாரமும் தகுதியானதல்ல. ஆகவே கிட்டில் ‘ஆன்டி ஹைஜாக்’ என்று ஓடும்போது இன்ஜினை அணைக்கும் வசதி இருந்தால், அதை முதல் நாளே ஆஃப் செய்துவிடுங்கள்.

இந்த விதிக்கு முழுதாகப் பொருந்துவது செல்ஃப் வயர்தான். வண்டி கிளம்பியபின் அந்த வயருக்கு வேலை இல்லை. ரிலே பழுதானாலும் ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. இணைப்பு இப்படி: சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் மின்காந்த சுவிட்சான சோலினாய்டுக்குப் போகும் செல்ஃப் வயரை வெட்டி, சாவிப் பக்க முனையை ரிலேயில் 30 என்று எண் போட்ட பின்னிலும் சோலினாய்டுப் பக்க முனையை 87ஏ-யிலும் கொடுங்கள். 86-க்கு இக்னிஷன். 85-க்கு அலாரத்தின் இம்மொபிலைசர் வயர், அதாவது அலாரம் போட்டிருக்கும்போது எர்த் ஆகும் வயர். அலாரம் போட்ட நிலையில் யாராவது சாவியைத் திருப்பினால் ரிலே இழுத்து, 30-க்கும் 87ஏ-க்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகும், செல்ஃப் சுற்றாது. வண்டி சும்மா நிற்கும்போது ரிலேக்குக் கரன்ட்டே போகாது.

சோலினாய்டு இழுக்கும் அந்த நொடியில் 20 ஆம்பியருக்கு மேல் பாயும். கிட்டுக்குள் இருக்கும் 10 ஆம்பியர் ரிலேயின் முனைகள் அதில் பொறிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் வண்டி வழக்கம்போலக் கிளம்பும், இம்மொபிலைசர் செத்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 40 ஆம்பியர் ரிலேயும் 2.5 சதுர மி.மீ. வயரும் சொன்னது இதற்காகத்தான். மாதம் ஒருமுறை அலாரத்தைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் சுற்றக் கூடாது.

ஆனால் செல்ஃபை வெட்டுவது மட்டும் போதாது. இரண்டு பேர் தள்ளினால் செகண்ட் கியரில் 800 கிளம்பிவிடும். ஆகவே இரண்டாவது தடை ஒன்று வேண்டும். அதை அலாரத்தோடு சேர்க்காமல், மறைவான சுவிட்சில் தனியாக வைப்பதே எங்கள் விருப்பம். இரண்டாவது ரிலேயின் 30-ஐயும் 87ஏ-யையும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் பிளஸ் வயரில் இடையில் சேருங்கள். 86-க்கு இக்னிஷன். 85-ஐ மறைவான ஒரு சின்ன சுவிட்ச் வழியாக எர்த் செய்யுங்கள். நிறுத்தும்போது சுவிட்சைப் போட்டுவிட்டுப் போங்கள். யார் சாவி திருப்பினாலும் காயிலுக்குக் கரன்ட் வராது, தள்ளினாலும் கிளம்பாது. இதன் நல்ல குணம், ரிலேயின் காயில் எரிந்தாலும், சுவிட்ச் வயர் அறுந்தாலும் வண்டி ஓடும் பக்கமாகத்தான் போகும். 87ஏ-க்குப் பதில் 87-இல் கொடுத்தால் இது தலைகீழாகி, ஒரு வயர் கழன்றால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும். பின் எண்ணை இரண்டு முறை பாருங்கள். ஓட்டும்போது தவறுதலாகக் கையோ காலோ படும் இடத்திலும் சுவிட்சை வைக்காதீர்கள்.

கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் லைனை மட்டும் அடைப்பது பலன் தராது. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் இருக்கும் பெட்ரோலிலேயே வண்டி கிளம்பி, சில நூறு மீட்டர் ஓடி, எங்காவது நடுச்சாலையில் நிற்கும். கார்பரேட்டரில் இருக்கும் ஐடில் சோலினாய்டை வெட்டுபவர்களும் உண்டு. அதில் ஐடில் (மிதிக்காமல் ஓடும் ஓட்டம்) மட்டும்தான் போகும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கவிடும்) வண்டி என்றால் டேங்கில் இருக்கும் மின்சார பம்புக்குப் போகும் பிளஸ் வயர்தான் இரண்டாவது தடைக்கு ஏற்ற இடம். அதே ரிலே, அதே மறைவு சுவிட்ச். கம்ப்யூட்டருக்குப் போகும் மெயின் சப்ளையையோ சென்சார் வயர்களையோ தொடாதீர்கள், டெஸ்ட் லாம்ப்பால் குத்தியும் பார்க்காதீர்கள். பல்பு இழுக்கும் கரன்ட் கம்ப்யூட்டரின் உள் சர்க்யூட்டைக் கெடுத்துவிடக் கூடும்; மீட்டர் மட்டுமே. ஏர்பேக் உள்ள மாடலில் மஞ்சள் உறை போட்ட வயர்ப் பக்கமே போக வேண்டாம்.

கேஸ் கிட் போட்ட ஆம்னி வைத்திருக்கிறேன், கார்பரேட்டர் மாடல். பெட்ரோலை அடைத்தாலும் கேஸில் கிளம்பிவிடுகிறதே?
– வாசகர், ஈரோடு

கிளம்பத்தான் செய்யும். எல்.பி.ஜி. வண்டியில் இரண்டு எரிபொருளுக்கும் பொதுவானது காயில்தான். மேலே சொன்னபடி காயில் வயரிலேயே தடையை வையுங்கள். கேஸ் – பெட்ரோல் மாற்றும் சுவிட்சுக்கு வரும் இக்னிஷன் வயரில் வைத்தாலும் கேஸ் சோலினாய்டு, பெட்ரோல் சோலினாய்டு இரண்டும் மூடிக்கொள்ளும். ஆனால் பெட்ரோல் சோலினாய்டின் அடியில் கையால் திறக்கும் திருகு ஒன்று இருக்கும், ஃப்ளோட் அறையில் பெட்ரோலும் இருக்கும். அதனால் அது காயிலுக்கு ஈடாகாது. சிலிண்டர் பக்கம், கேஸை ஆவியாக்கும் வேப்பரைஸர் பக்கம் சால்டரிங் அயர்னோடு போகவே கூடாது. வேலை முழுவதையும் டேஷ்போர்டுக்குக் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வால்வை முதல் நாளே மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை கேஸிலேயே ஓடவிட்டு லைனைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள்.

இண்டிகா டீசலுக்கு?
– வாசகர், விழுப்புரம்

டீசலில் காயிலே கிடையாது. டீசல் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சோலினாய்டுக்கு 12 வோல்ட் வந்தால் ஓடும், போனால் நிற்கும். இரண்டாவது தடையை அந்த வயரில் வைக்கலாம். ஆனால் அந்த முனை பானெட்டைத் திறந்ததும் கண்ணெதிரே நிற்பதால், பேட்டரியிலிருந்து ஒரு துண்டு வயரைக் கொடுத்தால் தடை தாண்டப்பட்டுவிடும். ஆகவே டீசலில், பானெட்டைத் திறந்தால் அலாரத்தைக் கத்தவைக்கும் பானெட் சுவிட்சும், பானெட் திறக்கும் கேபிளின் பாதுகாப்பும்தான் முக்கியம். உள்ளே இருந்து கைப்பிடியால் இழுத்து இன்ஜினை அணைக்கும் பழைய பம்பு என்றால் மின்சாரத் தடை செல்ஃபோடு முடிந்தது. கியர் லாக் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

அலாரம் போட்ட பிறகு லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டால் நாலும் சிமிட்டுகிறது. கடைக்காரர் ஃப்ளாஷர் போய்விட்டது என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

ஃப்ளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ரிலே) மேல் தப்பில்லை. அலாரத்தின் ஒரே இண்டிகேட்டர் வயரை இடது, வலது இரண்டிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இணைப்பு வழியாக ஒரு பக்கத்துக் கரன்ட் மறுபக்கம் பாய்கிறது. யூனிட்டில் இண்டிகேட்டருக்கு இரண்டு வயர் இருந்தால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒன்றுதான் என்றால் பக்கத்துக்கு ஒரு டையோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வையுங்கள், அதன் வெள்ளைக் கோடு இண்டிகேட்டரைப் பார்த்து இருக்கட்டும். கடையில் ‘1என்4007’ கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது 1 ஆம்பியர்தான் தாங்கும். ஒரு பக்கத்தில் 21 வாட் பல்பு இரண்டு, சேர்த்து 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். ‘6ஏ10’ என்று கேளுங்கள், 6 ஆம்பியர் தாங்கும். இண்டிகேட்டர் லைனுக்குத் தனியாக 10 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள்.

சாவி திருப்பி செல்ஃப் அடிக்கும்போது கதவெல்லாம் ஒருமுறை லாக் ஆகித் திறக்கிறது. சில நாள் சைரனும் கத்துகிறது.
– வாசகர், புதுச்சேரி

இரண்டு காரணம் இருக்கலாம். அலாரத்தின் இக்னிஷன் வயரை ரேடியோ லைனில் கொடுத்திருந்தால், செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அந்த லைன் போய்விடும். அலாரம் வண்டி அணைந்து மறுபடி ஆன் ஆனதாக நினைத்து லாக்கை இயக்கும். வயரை இடம் மாற்றினால் தீர்ந்தது. வயர் சரியாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது டெர்மினலில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அலாரம் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். சைரன் கத்துவது அதனால்தான்.

அலாரம் மாட்டியதிலிருந்து ஐந்தாறு நாள் வண்டி எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. அலாரம் என்றாலே இப்படித்தானா?
– வாசகர்கள், சேலம், திருநெல்வேலி

இல்லை. காத்திருக்கும் அலாரம் இழுப்பது 20, 25 மில்லி ஆம்பியர். நாளுக்கு 0.6 ஆம்பியர் அவர் என்று வைத்தால், 35 ஆம்பியர் அவர் பேட்டரி பாதியாக இறங்க ஒரு மாதம் ஆகும். ஐந்து நாளில் இறங்குகிறது என்றால் 150 மில்லி ஆம்பியர் மாதிரி எதுவோ போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ரிலே காயில் இழுப்பது ஏறத்தாழ அதே அளவு. பெரும்பாலும் இம்மொபிலைசர் ரிலேயின் 86-ஐ இக்னிஷனில் கொடுக்காமல் பேட்டரி மெயினில் கொடுத்திருப்பார்கள். அலாரம் போட்ட நேரம் முழுவதும் ரிலே இழுத்தபடியே நிற்கும். இரவில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்.

குளிர்ந்திருந்தால் மீட்டரால் தேடுங்கள். மைனஸ் டெர்மினலைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரை டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே சேருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கதவுகளைச் சாத்தி, அலாரம் போட்டு, சில நிமிடம் காத்திருங்கள். 0.03, 0.05 என்று காட்டினால் நல்லது. 0.1-க்கு மேல் என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த லைன். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் அந்த நிமிடமே போய்விடும். டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

மழை வந்தால் ராத்திரி முழுக்கக் கத்துகிறது. அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். ஷாக் சென்சாரைக் கழற்றிவிடலாமா?
– வாசகர், கடலூர்

மழையில் மட்டும் கத்தினால், அதிர்வை உணரும் ஷாக் சென்சாரைவிடப் பானெட் சுவிட்ச் மேல்தான் சந்தேகம். அது திறந்தால் எர்த் ஆகும் ஊசி சுவிட்ச். துரு ஏறி, தண்ணீர் தேங்கினால் மூடியிருக்கும்போதே எர்த் ஆகிவிடும். ஒரு ராத்திரி அதன் வயரை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் புது சுவிட்ச் வாங்கி, ரப்பர் உறையோடு, தண்ணீர் வழியும் காடிக்கு மேலே தள்ளிப் பொருத்தி, உள்ளே வாசலின் வையுங்கள்.

நிற்கவில்லை என்றால் அடுத்தது ஷாக் சென்சார். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தால் வெயிலில் பிடி விட்டு ஆடிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் இரும்புப் பட்டையில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். பிளாஸ்டிக் குழாயில் மாட்டினால் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. திருகைக் குறைந்த அளவில் வைத்து, அலாரம் போட்டு ஒரு நிமிடம் பொறுத்து, கதவுத் தூணில் உள்ளங்கையால் அடியுங்கள். கண்ணாடி உடையும் அளவு அடிக்கு மட்டும் கத்தும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லாரி போகும் அதிர்வுக்கோ இடி முழக்கத்துக்கோ கத்தினால் அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டீர்கள். தீபாவளி இரவுக்கு, ரிமோட்டிலேயே சென்சாரை மட்டும் நிறுத்தும் வசதி பல கிட்டுகளில் உண்டு, குறிப்பேட்டைப் பாருங்கள்.

காருக்குள் அசைவைப் பார்க்கும் அல்ட்ராசானிக் சென்சார் இருந்தால், கண்ணாடியில் தொங்கும் சாமி மாலையும், வெப்பம் போக ஒரு விரல் இறக்கிவிட்ட ஜன்னலும் அதற்கு ஆகாது.

கல்யாண மண்டபத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு ரிமோட் வேலை செய்யவில்லை. சாவியால் திறந்தால் சைரன், செல்ஃபும் எடுக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், காரைக்குடி

கதவைச் சாவியால் திறந்து, இக்னிஷனை ஆன் செய்து, ரகசிய சுவிட்சைக் குறிப்பேட்டில் சொன்ன தடவை அமுக்கியிருந்தால் அடங்கியிருக்கும். வெவ்வேறு கிட்டில் முறை வேறுபடும். பொருத்தும் நாளிலேயே ஒருமுறை செய்து பார்த்து, வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள். அந்த சுவிட்சை, பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி இருட்டில் தடவினாலும் கிடைக்கும் இடத்தில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாதபடி வையுங்கள். ஸ்டீயரிங்குக்கு நேர் கீழே வேண்டாம். எல்லோரும் முதலில் கைவிடும் இடம் அது.

ரிமோட் பேட்டரி ஒரேயடியாகச் சாகாது. பதினைந்தடியில் வேலை செய்தது ஐந்தடியில் மட்டும் வேலை செய்ய ஆரம்பித்தால் மாற்ற வேண்டிய நேரம். பருமனான ரிமோட்டுகளில் ‘23ஏ’ அல்லது ‘27ஏ’ என்ற 12 வோல்ட் குட்டி செல் இருக்கும். இரண்டும் தடிமனில் வேறு, பழைய செல்லைக் கையில் கொண்டுபோய் வாங்குங்கள். இரண்டாவது ரிமோட்டை வண்டிக்குள் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.

அலாரம் பொருத்தினால் இன்ஷூரன்ஸ் குறையும் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற கருவியைப் பொருத்தி, பொருத்தியதை ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றளித்தால், பழைய மோட்டார் கட்டண விதியில் சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி இருந்தது. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் எதுவும் கிடையாது. பழைய வண்டிக்குச் சொந்தச் சேத பிரீமியம் 2,000 ரூபாய் என்றால் அந்தக் கணக்கில் தள்ளுபடி 50 ரூபாய்தான். அதற்காக அலாரம் வாங்க வேண்டியதில்லை. கிட்டின் பில்லை மட்டும் ஆர்.சி. நகலோடு வீட்டில் பத்திரமாக வையுங்கள். அதோடு நீங்கள் எந்த வயரை எங்கே வெட்டினீர்கள் என்று ஒரு தாளில் படம் போட்டு வையுங்கள். அந்தத் தாள் மட்டும் ஒருபோதும் டேஷ்போர்டு பெட்டிக்குள் போகக் கூடாது.